இரட்டைக்குழல் துவக்கு: விலையும் பெறுமதியும்



பழம்பொருள்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. பித்தளைக் குத்துவிளக்கு, ஒல்லாந்தர் காலத்து அலுமாரி, கிராமபோன் பெட்டி, சுவர் மணிக்கூடு என்று எதையெல்லாமோ தேடி அலைகிறார்கள். அந்த வரிசையில் எப்போதாவது ஒரு நாள் இரட்டைக்குழல் துவக்கொன்றும் பேச்சில் வந்து சேரும். “பாட்டனார் வைத்திருந்தது, தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது, நூறு வருஷத்துக்கு மேலே, அசல் இங்கிலாந்துச் சாமான்” என்று விற்பவர் சொல்வார். வாங்க நினைப்பவர் குழலைத் தடவிப் பார்ப்பார். பிடியிலுள்ள செதுக்கு வேலையைப் பார்ப்பார். பிறகு விலையைக் கேட்பார்.

குத்துவிளக்கில் ஏமாந்தால் பணம் மட்டுமே போகும். துவக்கில் ஏமாந்தால் பணத்தோடு கைவிரலும் போகலாம், கண்ணும் போகலாம், அதற்கு மேலே நீதிமன்ற வாசலையும் மிதிக்க நேரலாம். ஆகவே பழைய துவக்கொன்றை வாங்குமுன் அதன் பெறுமதியை எவ்வாறு கணிப்பது என்பது பணக்காரரின் பொழுதுபோக்கு வினா மட்டுமன்று. நமது நாட்டின் ஐந்நூறு வருட வரலாறு அந்த வினாவோடு பின்னிக் கிடக்கின்றது.

இதைப் பற்றிப் பேச ஒரு தமிழாசிரியனுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். பழைய துவக்கைக் கணிப்பது வெடி வைக்கும் வித்தையன்று, வாசிக்கும் வித்தை. இரும்பின்மேல் பொறித்த எழுத்தையும் முத்திரையையும் வாசிக்கத் தெரிந்தவனுக்கே அதன் பெறுமதி புலப்படும். ஏடு படித்துப் பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வேலை முற்றிலும் அந்நியமானதன்று.

முதலிற் சொல்லிலிருந்தே தொடங்குவோம். ‘துவக்கு’ என்று நாம் சொன்னால் தமிழகத்து நண்பர் ‘தொடங்கு’ என்று பொருள் கொள்வார். அவர் ‘துப்பாக்கி’ என்பதை நாம் துவக்கு என்கிறோம். சிங்களச் சகோதரர் ‘துவக்குவ’ என்கிறார். துவக்கும் துப்பாக்கியும் ஒரே துருக்கிச் சொல்லின் வழிவந்த உடன்பிறப்புகள். ‘பீரங்கி’ என்ற சொல்லும் ‘பறங்கி’ என்ற சொல்லோடு உறவுடையதே என்பர். வெடிமருந்துக் கருவிகள் வந்த கடல்வழியையும் கொண்டுவந்த கைகளையும் நமது பேச்சுமொழியே பதிவு செய்து வைத்திருக்கின்றது.

இந்த நாட்டில் துவக்கு வெறும் இறக்குமதிப் பண்டமாக நின்றுவிடவில்லை என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். 1505ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் வந்திறங்கியபோது அவர்களுடைய பீரங்கி முழக்கம் மக்களுக்கு இடியோசையாகத் தோன்றியதை இராஜாவலிய நூல் கூறுகின்றது. ஆனால் அந்நூற்றாண்டு முடிவதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1596இல் தனது பயண நூலை வெளியிட்ட ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், சிங்களக் கொல்லர் செய்யும் துவக்குக் குழல்கள் வெள்ளிபோல் பளபளப்பவை, அவற்றிற் சிறந்தவை வேறெங்கும் காண அரியன என்று வியந்திருக்கிறார். இடியென்று அஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த இடியைத் தங்கள் உலையிலேயே வார்த்தெடுத்தார்கள்.

அக்காலத்து இலங்கைத் துவக்கை அடையாளங் காண ஓர் எளிய வழி உண்டு. ஐரோப்பியத் துவக்கில் தீத்தட்டும் பொறி குழலின் வலப்பக்கத்தில் இருக்கும். இலங்கைத் துவக்கிலோ அது இடப்பக்கத்தில் இருக்கும். அடிப்பிடி இரண்டாகப் பிரிந்து சுருண்டு, யாளியின் தலைபோலவும் கொடியின் நுனிபோலவும் செதுக்கப்பட்டிருக்கும். பெயர் எழுதாத துவக்காயினும் அதன் உடம்பே ஊர்ப்பெயரைச் சொல்லிவிடும்.

அண்மைக்கால நிகழ்வொன்று இதற்கு நல்ல சான்று. 1765ஆம் ஆண்டு ஒல்லாந்துத் தேசாதிபதி வான் எக் கண்டிமீது படையெடுத்து, கீர்த்தி சிறீ இராஜசிங்கனின் அரண்மனையைக் கொள்ளையிட்டான். அப்போது எடுத்துச் செல்லப்பட்டவற்றுள் ஒன்று, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறிய பீரங்கி. அது நெடுங்காலம் அம்ஸ்ரடாமின் றைக்ஸ் அருங்காட்சியகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் சிங்கள எழுத்திற் பொறித்திருந்த வாசகம், லெவ்கே திசாவையின் பெயரையும் 1745 – 46ஐக் குறிக்கும் சக ஆண்டையும் தந்தது. அந்த எழுத்தையும் ஒல்லாந்துக் கம்பனியின் ஏடுகளையும் ஒப்பிட்டு, அது கைமாறிய வழியை ஆய்வாளர் துலக்கினர். 2023ஆம் ஆண்டின் இறுதியில் அந்தப் பீரங்கியும், இரண்டு மதில் துவக்குகளும், பொன் வாளும் வெள்ளி வாளும், கத்தியொன்றுமாக ஆறு பொருள்கள் கொழும்பு அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தன.

பீரங்கியில் எத்தனை மாணிக்கம் உண்டு என்று எண்ணியா அதைத் திருப்பித் தந்தார்கள்? இல்லை. அது யாருடையது, எப்போது, எவ்வாறு கைமாறியது என்பதை நிலைநாட்ட முடிந்தபடியாலேயே தந்தார்கள். மாணிக்கம் அதன் விலையைச் சொல்லும். பெறுமதியைச் சொல்வது எழுத்து.

திருக்கோணமலையில் வாழும் நமக்கு இந்தப் பாடம் புதிதன்று. லிங்கநகர் போன்ற துறைமுகப் பகுதிகளிலிருந்து கோணேசர் மலைக்குச் செல்பவர் பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும். உள்ளே வீதியோரத்திற் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே அங்கே கோட்டையை எழுப்பினர். வாயிற் சுவரில் இருக்கும் கல்வெட்டொன்று குளக்கோட்டன் செய்த திருப்பணியையும் பறங்கியர் அதனை அழிப்பர் என்ற செய்தியையும் கூறுகின்றது. கோட்டைச் சுவரில் ஒரு கல்லாகிப்போன அது, தன்மேல் எழுத்து இருந்தபடியால் இன்றும் கோயிற் கல்லாகவே நிற்கின்றது. எழுத்தில்லாத மற்றக் கற்கள் சுவரோடு சுவராகிவிட்டன. பழம்பொருள் வாங்குவோர் இந்த வேறுபாட்டை உள்ளத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

இனி இரட்டைக்குழல் துவக்கின் பிறப்பை நோக்குவோம். ‘நூறு வருஷம்’ என்று விற்பவர் சொல்லும்போது அது மெய்யா என்று சரிபார்க்க இந்த வரலாறு நமக்குக் கைகொடுக்கும்.

தொடக்கத்தில் எல்லாத் துவக்குகளும் வாய்வழியாக மருந்தும் சன்னமும் இடித்து நிரப்பப்பட்டவையே. சிக்கிமுக்கிக் கல் உரசி எழும் பொறியில் மருந்து பற்றிக்கொள்ளும். அந்தப் பொறியைக் கண்டதும் பறவை பறந்துவிடுகிறதே என்று எரிச்சலுற்றவர் ஸ்கொத்லாந்து நாட்டுப் பாதிரியார் ஒருவர். அலெக்சாந்தர் போர்சித் என்ற அந்தப் போதகர், தட்டினாலே வெடிக்கும் இரசாயனப் பொருளைப் பயன்படுத்தும் முறையைக் கண்டு 1807இல் உரிமை பதிந்தார். உலகத்துப் படைகளின் ஆயுதத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு, வாத்து வேட்டையில் விருப்பமுள்ள ஒரு மதகுருவின் ஓய்வுநேரத்திற் பிறந்தது என்பது சுவையான செய்தி.

அதே காலத்தில் இலண்டனில் யோசேப்பு மன்ரன் என்ற வல்லுநர் இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கை ஒரு கலைப்பொருளாக உயர்த்தினார். அவருடைய பட்டறையில் வேலை செய்த யேம்ஸ் பேர்டி 1814இற் சொந்தத் தொழில் தொடங்கினார். அந்தப் பெயர் இன்றும் உலகச் சந்தையில் உயர்ந்த விலை பெறும் பெயர்களுள் ஒன்று. 1830களில் பிரான்சில் லெபோஷோ என்பவர் குழலை நடுவில் மடித்து, பின்புறமாகத் தோட்டா இடும் துவக்கைச் செய்தார். அந்தத் தோட்டாவின் பக்கத்தில் ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். 1851இல் இலண்டனில் நடந்த பெருங் கண்காட்சியில் ஆங்கிலேயத் தொழிலாளர் அதைக் கண்டு தாமும் செய்யலாயினர். 1860களில் ஊசி மறைந்து, அடித்தட்டின் நடுவில் தட்டினால் வெடிக்கும் இன்றைய தோட்டா வந்தது. 1875இல் பேர்மிங்ஹாமின் வெஸ்ற்லி றிச்சட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அன்சன், டீலி என்ற இருவர் வெளியே குதிரை இல்லாத துவக்கை அமைத்தனர். பார்வைக்குத் தெரியும் குதிரைகள் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டன.

இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்தால் துவக்கை ஒரு பார்வையிலேயே ஓரளவு காலவரிசைப்படுத்தலாம். வாய்வழி மருந்திடும் துவக்கு, ஊசித் தோட்டாத் துவக்கு, வெளிக் குதிரைத் துவக்கு, குதிரை மறைந்த துவக்கு என்பது பொதுவான ஒழுங்கு. ஆனால் இது கீழெல்லையை மட்டுமே காட்டும். குதிரை மறைந்த துவக்கு 1875க்கு முற்பட்டதென்று எவரேனும் சொன்னால் எளிதில் நம்பவேண்டியதில்லை, அத்தகையவை அரியன. வெளிக் குதிரை இருப்பதால் மட்டும் அது மிகப் பழையதென்றும் கொள்ளலாகாது. மலிவான குதிரைத் துவக்குகளை இருபதாம் நூற்றாண்டிலும் பெல்ஜியத்தாரும் ஸ்பானியரும் செய்தனுப்பினர்.

இலங்கைக்கு இத்துவக்குகள் வந்த கதை பெருமைப்படத் தக்கதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் காட்டைக் கண்டதும் வேட்டைக்களமாகவே கண்டனர். மேஜர் றொஜேர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் அவர் மின்னல் தாக்கி மாண்டார். 1848இல் நுவரெலியாவிற் குடியமர்ந்த சாமுவேல் பேக்கர் தமது வேட்டை நூலிற் கூறும் ஆயுதவரிசையில், பதினைந்து இறாத்தல் எடையுள்ள இரட்டைக்குழல் துவக்குகள் நான்கு உண்டு. பயிரைக் காக்கவென்று அரசாங்கம் யானைத் தலைக்குச் சன்மானமும் வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500க்கு மேற்பட்ட யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டதாக எமேர்சன் ரெனன்ற் எழுதியிருக்கிறார்.

துரைமாரின் விளையாட்டுப் பொருளாக வந்த துவக்கு, காலப்போக்கில் விவசாயியின் காவற்பொருளாகவும் மாறிற்று. வயலிலும் சேனையிலும் இரவு முழுதும் பரணில் விழித்திருந்து பன்றியையும் யானையையும் விரட்டியவனுக்கு, பன்னிரண்டு போர் துவக்கொன்று மண்வெட்டிக்கு அடுத்த கருவி. ஆகவே நமது பக்கத்தில் ஒரு பழைய துவக்கு அகப்பட்டால் அதற்குப் பெரும்பாலும் இரண்டு வாழ்க்கைகள் இருந்திருக்கும்: துரையின் கையில் ஒன்று, விவசாயியின் தோளில் ஒன்று. முதல் வாழ்க்கை விலையைக் கூட்டுவதாகவும் இரண்டாவது குறைப்பதாகவும் சந்தை கருதுகிறது. ஏன் என்பதற்குத் துவக்கின் உடம்பையே பார்க்க வேண்டும்.

கையில் எடுத்தவுடன் செய்யவேண்டியது, குழலை மடித்து இரு அறைகளும் வெறுமையா என்று கண்ணால் காண்பது. ‘வெறுந்துவக்குத்தான்’ என்ற பேச்சை எவர் வாயிலிருந்தும் ஏற்கக்கூடாது. வாய்வழி மருந்திடும் துவக்கானால் இன்னும் அவதானம் வேண்டும். எத்தனையோ வருடங்களுக்கு முன் இடித்த மருந்து அடியிற் கெட்டியாக இருக்கக்கூடும்.

அடுத்து எழுத்தைத் தேடவேண்டும். பெரும்பாலோர் இரு குழல்களுக்கும் நடுவேயுள்ள மேற்பட்டையில் இருக்கும் பெயரை வாசித்து அத்துடன் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பெயர் செய்தவருடையதாகவே இருக்கவேண்டுமென்ற நியதியில்லை. பல வேளைகளில் விற்றவருடைய பெயர் அது. சென்னையில் மணிக்கூட்டுக்கும் வெள்ளிச் சாமானுக்கும் பேர்பெற்ற பி. ஓர் அன் சன்ஸ் நிறுவனத்தின் பெயர் பொறித்த துவக்குகள் உண்டு. அவை இங்கிலாந்திற் செய்யப்பட்டு அங்கே விற்கப்பட்டவை. இன்னொரு வகை பெயர்ப்போலி. வெஸ்ற்லி றிச்சட்ஸ் என்ற புகழ்பெற்ற பெயரை நினைவூட்டும்படி ‘டபிள்யூ. றிச்சட்ஸ்’ என்று பொறித்துப் பெல்ஜியத்திலிருந்து மலிவான துவக்குகள் உலகெங்கும் அனுப்பப்பட்டன. ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்று நாம் இலக்கண வகுப்பிற் சொல்வதுண்டு. இங்கே சில எழுத்துகள் குறைந்தால் விலை பத்திலொன்றாகக்கூட ஆகிவிடும்.

மேற்பட்டைப் பெயர் பொய் சொன்னாலும் பொய் சொல்லாத எழுத்து ஒன்று உண்டு. குழலைக் கழற்றித் திருப்பினால், தோட்டா அறையின் அடிப்புறத்தில் சின்னஞ்சிறிய முத்திரைகள் தெரியும். அவை சோதனை முத்திரைகள். அளவுக்கு மேலாக மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கே அரச அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலை இந்த முத்திரையை இடும். இலண்டன் துவக்குத் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்ஹாமின் சோதனைச்சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. முடியின் கீழே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும், அவற்றைச் சுற்றி பி, பி, சி, வி என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது 1904க்கு முந்திய பேர்மிங்ஹாம் முத்திரை. முடியின் கீழ் ஜி, பி என்ற எழுத்துகள் பின்னிக் கிடந்தால் அது இலண்டன். நீள்வட்டத்துள் ஈ, எல், ஜி என்று இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். அந்த நீள்வட்டத்தின்மேல் முடி இருந்தால் 1893இலோ அதற்குப் பின்னரோ இட்ட முத்திரை. ‘அசல் இங்கிலாந்துச் சாமான்’ என்ற பேச்சு எத்தனையோ இடங்களில் இந்தச் சிறிய நீள்வட்டத்தின் முன்னால் வாயடைத்துப் போகும்.

இந்த முத்திரைகள் ஊரை மட்டுமன்றி உயிர்க்காப்பையும் சொல்கின்றன. முற்காலத்தில் வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்தே வழக்கிலிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா மருந்து பரவியது. அதன் அழுத்தப் போக்கே வேறு. புதிய மருந்துக்கும் சோதிக்கப்பட்ட பேர்மிங்ஹாம் குழலில் 1904 முதல் முடியின் கீழ் என், பி என்ற எழுத்துகள் இருக்கும். அத்தகைய முத்திரையில்லாத பழைய குழலில் இன்றைய தோட்டாவை இட்டு வெடிப்பவர் தம் கையையே பந்தயமாக வைக்கிறார்.

பழைய குழல்களிற் சில, இரும்பையும் உருக்கையும் நாடாவாக்கி முறுக்கி, தண்டின்மேற் சுற்றி அடித்தவை. டமஸ்கஸ் குழல் என்பார்கள். நீரலைபோலவும் மரவைரம்போலவும் கோலம் தெரியும். கண்ணுக்கு விருந்தானவை, ஆனால் உள்ளே துரு எங்கே ஒளிந்திருக்கிறதென்று கண்ணால் அறிய முடியாதவை. சாதாரண உருக்குக் குழலின்மேல் அதேபோன்ற கோலத்தைப் போலியாக இட்டு விற்றதும் உண்டு. தோட்டா அறையின் நீளமும் பார்க்கப்படவேண்டும். முன்னாளில் இரண்டரை அங்குல அறை பெருவழக்கு. இன்றைய தோட்டாக்களிற் பல இரண்டே முக்கால் அங்குலத்துக்குரியவை. அவை குறுகிய அறைக்குள் தடையின்றிப் போய் இருந்துவிடும். வெடிக்கும்போது வாய் விரிய இடமின்றி அழுத்தம் பெருகும். உள்ளே போவதெல்லாம் பொருந்துவதன்று.

‘பன்னிரண்டு போர்’ என்பதன் பொருளும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம குண்டுகளாக உருட்டினால் ஒரு குண்டின் பருமன் எவ்வளவோ அதுவே குழலின் உள்விட்டம். ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீற்றர். சோதனைச்சாலை தான் அளந்த விட்டத்தையும் குழலிற் பொறித்திருக்கும். துருக்குழிகளைப் போக்க உள்ளே உராய்ந்து மினுக்கியிருந்தால் விட்டம் கூடியிருக்கும், சுவர் மெலிந்திருக்கும். பளபளவென்று உள்ளே மின்னும் குழலைக் கண்டு மகிழுமுன் அளவுகோலுள்ள ஒருவரிடம் அளந்து பார்க்கவேண்டும். பொறித்த அளவுக்கும் இன்றைய அளவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, அந்தத் துவக்கு எத்தனைமுறை தேய்க்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடும்.

காதுக்கும் வேலை உண்டு. கழற்றிய குழல்களை ஒரு விரலிலோ நூலிலோ தொங்கவிட்டு மெல்லத் தட்டினால், நல்ல குழல் கோயில் மணிபோல் ரீங்கரிக்கும். பட்டையின் ஒட்டு விட்டிருந்தால் ஓட்டைச் சட்டிபோல் மொத்தென்று ஒலிக்கும். குழலைப் பூட்டி, முன்பிடியை மாத்திரம் அகற்றி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் மூட்டுத் தளர்வு தெரியும். பிடியின் கழுத்தில் வெடிப்பு உண்டா, ஆணித்தலைகளின் பிளவு சிதைந்திருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். சிதைந்த ஆணித்தலை, தெரியாத கை திறந்து பார்த்ததற்குச் சாட்சி. குழல், பெட்டி, முன்பிடி ஆகிய மூன்றிலும் ஒரே தொடரிலக்கம் இருக்கிறதா என்பதும் முக்கியம். வேறுபட்டால் அது இரண்டு துவக்கின் உடம்பைச் சேர்த்துத் தைத்தது. பெரிய நிறுவனங்கள் சில தங்கள் விற்பனைப் பேரேடுகளை இன்னும் வைத்திருக்கின்றன. தொடரிலக்கத்தை எழுதிக் கேட்டால் எந்த ஆண்டு செய்தது, முதலில் யார் வாங்கினார் என்று அறியலாம்.

நம்மவர்களுக்கு வழக்கமான ஓர் ஆசை, விற்குமுன் மினுக்கிவிடுவது. பழைய பழுப்பு நிறத்தைச் சுரண்டிப் புதிதாகக் கருமை ஏற்றி, பிடிக்கு வார்னிஷ் பூசி, செதுக்கு வேலையை ஆழமாக்கிக் கொண்டுவருவார்கள். அறிந்தவர் கண்ணில் இது பெறுமதியைக் கூட்டாது, குறைக்கும். முத்திரையும் தேய்ந்துவிட்டால் அந்தத் துவக்கு பேசும் ஆற்றலையே இழந்துவிடுகிறது. பழைய ஏட்டில் அழிந்த எழுத்தின்மேல் தன் கற்பனையை எழுதிவைத்த பிரதிகாரனின் வேலை போன்றது இது.

இவ்வளவும் இரும்பின்மேலுள்ள எழுத்து. இதனிலும் முக்கியமானது கடதாசியில் உள்ள எழுத்து.

‘பழம்பொருள்’ என்ற சொல்லை விற்பவர் ஒரு கவசம்போற் பயன்படுத்துவார். ‘இது அன்ரிக் சாமான், லைசன்ஸ் தேவையில்லை’ என்பார். அமெரிக்காவிலே 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்த துவக்குக்கு அந்நாட்டுச் சட்டம் சில சலுகைகள் தருகின்றது. அதைக் கேள்விப்பட்டவர்கள் இங்கும் அப்படியே என்று நினைத்துவிடுகிறார்கள். நமது நாட்டின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாகக் கொள்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. பின்புறமாகத் தோட்டா இடும் இரட்டைக்குழல் துவக்கு பரவத் தொடங்கியதே 1830களில். ஆகவே அத்தகைய துவக்கு எதுவும், அது எந்தத் துரையிடமிருந்து வந்ததாயினும், நமது சட்டத்தின் கண்ணில் தொல்பொருளாகாது. அது சுடுகலன். 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அனுமதிப்பத்திரம் இன்றி அதை வைத்திருக்க முடியாது. ஒருவர் பத்திரத்தில் இருக்கும் துவக்கை இன்னொருவர் கைக்கு வாய்ச்சொல்லால் மாற்றவும் முடியாது. பாட்டனாரின் பத்திரம் பேரனுக்கு உரிமையாகாது. அப்படியன்றி உண்மையிலேயே 1815க்கு முந்திய துவக்கொன்று அகப்பட்டாலோ, அதற்குத் தொல்பொருட் சட்டம் காவல் நிற்கும். உத்தரவின்றி நாட்டைவிட்டு அனுப்ப முடியாது.

பத்திரமில்லாத துவக்கை வாங்குபவர் பொருளை வாங்கவில்லை, வழக்கை வாங்குகிறார். இதைச் சட்டப்புத்தகத்துப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ளலாகாது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியிலே வீடுகளிலிருந்து பறிக்கப்பட்ட வேட்டைத் துவக்குகள் மனிதரை நோக்கித் திரும்பின. அதற்குப் பின்வந்த யுத்தம் 2009 மே மாதம் முடியும்வரை வடக்கிலும் கிழக்கிலும் ஒரு வீட்டில் துவக்கு இருப்பதென்பது எந்தப் பக்கத்திலிருந்தும் ஆபத்தை அழைப்பதாக இருந்தது. பன்றிக்கென்று காட்டில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு, விறகுக்குப் போனவரின் காலைப் பறிப்பது இன்னும் ஓயாத துயரம். துவக்கின் ‘கைமாறிய வழி’ என்று அறிஞர் பேசுவது நமக்கு வெறும் சேகரிப்பாளர் சொல்லன்று. அந்த வழியில் யாருடைய கண்ணீர் இருக்கிறது என்று கேட்கும் கடமை நமக்குண்டு. எங்கிருந்து வந்தது என்று சொல்ல விற்பவர் தயங்குகிறாரானால், விலை எவ்வளவு மலிவாயினும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே அறிவுடைமை.

இந்த இடத்திற் புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாட்டு நினைவுக்கு வருகின்றது. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைக் காட்டினான். அங்கே ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவலுள் இருந்தன. அதியமானின் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்றார் ஔவை. புகழ்வதுபோல் இகழ்ந்தும் இகழ்வதுபோல் புகழ்ந்தும் சொன்ன அந்தச் சொல்லில் ஒரு மதிப்பீட்டு முறை இருக்கிறது. பழம்பொருட் சந்தை தொண்டைமான் பக்கம் நிற்கும். நெய் பூசி உறைக்குள் இருந்த துவக்குக்கே அங்கே விலை. ஔவையின் பக்கம் நிற்பவருக்கு, மழையிலும் பனியிலும் பரணில் விழித்திருந்து ஒரு குடும்பத்தின் நெல்லைக் காத்து, பிடி கீறி, நிறம் மங்கிப்போன துவக்குக்கே பெறுமதி. இரண்டு கணக்கும் வெவ்வேறு. வாங்குபவர் எந்தக் கணக்கில் நிற்கிறார் என்பதை முதலிலே தமக்குள் தெளிந்துகொண்டால் ஏமாற இடமில்லை.

வெடிக்கவென்று வாங்குபவர் சோதனை முத்திரையையும் சுவர்த்தடிப்பையும் அறை நீளத்தையும் பார்க்கட்டும். சேர்த்து வைக்க வாங்குபவர் பெயரையும் தொடரிலக்கத்தையும் கைபடாத பழமையையும் பார்க்கட்டும். குடும்ப நினைவுக்காக வைத்திருப்பவர் விலை கேட்டு அலையாமல், அதை யார் வைத்திருந்தார், என்ன செய்தார், பத்திரம் எங்கே என்று ஒரு கொப்பியில் எழுதி அதோடு வைக்கட்டும். எல்லோரும் பார்க்கவேண்டியது சட்டப்படியான கடதாசி. இந்த மூன்று வகையினருக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு: வரலாறு தெரிந்த துவக்குக்கே பெறுமதி உண்டு. எழுத்தில்லாத இரும்பு, இரும்பு விலைக்கே போகும்.